நாலு மாதம் முன்னால் வாழ்கிறவர்கள்

விளம்பர வேலையில் இருப்பவர்களிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்காதீர்கள், திணறிவிடுவார்கள். நாலு மாதம் கழித்து என்ன பண்டிகை என்று கேளுங்கள், தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வார்கள். மே மாத வெயிலில் ஊர் விசிறிக்கொண்டிருக்கும்போது நாங்கள் ஓணம் கொண்டாடுவோம். ஊர் ஓணச் சத்யா விருந்தை உண்ணும்போது எங்களுக்குக் கிறிஸ்மஸ். ஊர் கேக் வெட்டும்போது வாயில் ஒரு துண்டு கேக்கை அதக்கிக்கொண்டே ரம்ஜானுக்கு என்ன நிறம் போடலாம் என்று பேசிக்கொண்டிருப்போம். அந்தந்த நாளை அந்தந்த நாளில் அனுபவிக்கக் கொடுத்துவைக்காத ஜென்மங்கள். உங்களில் யாராவது இதே வேலையில் மாட்டியிருந்தால் இப்போதே தலையை ஆட்டியிருப்பீர்கள்.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு மூன்று மாடித் துணிக்கடையில் இந்த வேலை பார்க்கிறேன். நம் மாவட்டத்தில் இது மற்ற ஊர்களைப்போல இரண்டு மடங்கு வேலை. தீபாவளி, பொங்கலோடு ஓணமும் உண்டு; ரம்ஜானும் பக்ரீதும் உண்டு; கிறிஸ்மஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இடையிடையே கோயில் கொடை, சபையில் அசன விருந்து, பங்குத் திருவிழா, கல்ஃப்காரர்கள் லீவில் வந்து அவசர அவசரமாக நடத்துகிற கல்யாணங்கள். இவ்வளவுக்கும் முன்கூட்டியே யோசித்து வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான். போன வருடத்தில் நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

டிசம்பர் இல்லாத பலகை

வருடா வருடம் மே மாதம் மூன்றாம் மாடியில் குடோனுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து வருடத்துக்கான திட்டம் போடுவோம். உட்காருகிறவர்கள் மூன்றே பேர். தேங்காப்பட்டணத்துக்காரரான எங்கள் முதலாளி, நான், ஜெபின். ஜெபின் டிசைன் போடுவான், போட்டோ எடுப்பான், வீடியோ எடுப்பான், ஆள் கிடைக்காவிட்டால் கிறிஸ்மஸ் தாத்தா வேஷமும் போடுவான். வெள்ளைப் பலகையில் மாதவாரியாக நான் எழுதுவேன், அவர்கள் இருவரும் குற்றம் சொல்வார்கள்.

அந்த மே மாதம் நான் கர்ப்பமாக இருந்தேன். டாக்டர் குறித்துக்கொடுத்த நாள் கிறிஸ்மஸ் வாரத்தில் வந்தது. இதற்கு முன்னும் இரண்டு தடவை இப்படி நாள் குறித்துக் கொடுத்தார்கள், இரண்டும் கைக்கு வந்து சேரவில்லை. இரண்டாவது தடவை என் கணவர் சாமின் அம்மா, எங்கள் மாமி, தன் தையல் மிஷினில் சின்னச் சின்னச் சட்டைகளாகத் தைத்து பீரோவில் ஒரு தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வெறுங்கையோடு வந்தபோது அந்தத் தட்டு காலியாக இருந்தது. எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் உள்ள எதையும் யாரும் பேசக் கூடாது. பிள்ளைக்கென்று ஒரு நூல்கூட முன்கூட்டி வாங்கக் கூடாது. மாமி போட்ட சட்டம்தான் என்றாலும் எனக்கும் அது வேண்டியிருந்தது.

வீட்டுச் சட்டத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை. ஜூன் எழுதினேன், ஓணம் எழுதினேன், தீபாவளி எழுதினேன், நவம்பர் எழுதினேன். அதற்கு அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அங்கே ஒரு எழுத்து எழுதினால் எதுவோ கெட்டுப்போகும் என்று ஒரு பயம். நேராக ஜனவரிக்குத் தாவி ‘தள்ளுபடி’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்தேன். முதலாளி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜெபினால்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

“எக்கா, டிசம்பரை விட்டுட்டியளே! நம்ம கடைக்கு உள்ள கஞ்சியே அந்த மாசத்துலதானே?”

ஜூன் மழையில் அத்தப்பூ

ஓண விளம்பரத்தை ஜூனில் எடுத்தால்தான் ஜூலையில் எடிட் முடித்து ஆகஸ்டில் விட முடியும். ஆனால் ஜூனில் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பேச்சிப்பாறை போகிற வழியில் ஒரு ஓட்டு வீட்டு முற்றத்தை வாடகைக்குப் பிடித்து, தோவாளையிலிருந்து கூடை கூடையாகப் பூ வரவழைத்து, கசவுச் சேலை கட்டிய இரண்டு கல்லூரிப் பெண்களை உட்கார வைத்து அத்தப்பூக் கோலம் போட்டோம். கடைசி வட்டம் முடியும்போது மழை வந்து மொத்தப் பூவையும் ஓடைக்குக் கொண்டுபோனது. துடைத்துவிட்டு மறுபடி போட்டோம். மறுபடி வந்தது. மழைக்கும் எங்களுக்கும் ஏதோ பழைய பகை இருப்பதுபோல, கேமராவை மூடினால் வெயில், திறந்தால் மழை.

எனக்கோ அந்த மாதம் எதைக் கண்டாலும் குமட்டும். படத்துக்காக வைத்திருந்த அடைப் பாயாசத்தின் வாசனை பட்டதும் பலா மரத்துக்குப் பின்னால் ஓடி வாந்தியெடுத்தேன். ஜெபின் பாயாசம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, கொண்டுவந்தவரிடம் சண்டைக்குப் போய்விட்டான். நான் எதையும் விளக்கவில்லை. ஆனால் அவனுக்கு இரண்டு அக்காமார், இரண்டு பேருக்கும் பிள்ளைகள் உண்டு. வழியில் எங்கேயோ அவனுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வரும்போது வேனின் முன் சீட்டைத் துடைத்து எனக்கு விட்டான், டிரைவரிடம் பள்ளம் பார்த்துப் போகச் சொன்னான், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பயலுக்குப் பேசாமல் இருக்கவும் தெரியும் என்று அன்றுதான் கண்டேன்.

இவ்வளவையும் எதிர் டீக்கடையில் குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு ரப்பர் பால் வெட்டுகிறவர். நாங்கள் வேன் ஏறும்போது பக்கத்தில் வந்து சொன்னார்:

“ஓணத்துக்கு மாவேலி ராசா வாறதுக்கு இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு! அதுக்குள்ள பூவும் போட்டு, பாயாசமும் வச்சு, சர்த்தியும் பண்ணியாச்சு. நல்ல ஓணமாக்கும் பிள்ளே இது!”

முதலாளி எழுதுகிற முதல் வரி

ஜூலையில் திருப்பூரிலிருந்தும் சூரத்திலிருந்தும் கிறிஸ்மஸ் சாம்பிள்கள் வந்து இறங்கின. அதில் எதை விளம்பரத்தில் காட்டலாம் என்று தேர்ந்தெடுப்பது என் வேலை. சேலைகளைப் பார்த்தேன், சுடிதார்களைப் பார்த்தேன். கைக்குழந்தைகளுக்கான வெள்ளை ஃபிராக்குகள் இருந்த அட்டைப் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. இரண்டாம் மாடியில் குழந்தைகள் பிரிவில் இருக்கும் மைமூன் அக்காவிடம் பெட்டியோடு தள்ளிவிட்டேன். அந்த மாடியைத் தாண்டும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படியேறுவேன். குழந்தைத் துணி விற்று சம்பளம் வாங்குகிறவள் குழந்தைத் துணியைப் பார்க்கப் பயந்து நடந்த கூத்தை வேறு எந்தக் கடையிலும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பலகையில் டிசம்பர் அப்போதும் காலிதான். முதலாளி ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். டிசம்பரில் நான் இருப்பேனா என்று தெரியாது என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. ஜங்ஷனில் புதிதாக வரப்போகிற பெரிய கடை என்னைக் கூப்பிட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார் மனுஷன். “அவன் சம்பளம் எவ்வளவு கூட்டித் தாறான்? சொல்லு” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். முன்னால் நடந்ததையும், வீட்டுச் சட்டத்தையும் சொன்னேன். மேஜையில் இருந்த சாம்பிள் துணியை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார்.

பிறகு எழுந்துபோய்ப் பலகையில் டிசம்பர் கட்டத்தில் அவரே எழுதினார். கிறிஸ்மஸ் என்று எழுதுவதற்கு முன்னால் ‘இன்ஷா அல்லாஹ்’, அதாவது இறைவன் நாடினால், என்று எழுதினார். எந்தத் திட்டத்தை எழுதினாலும் முதல் வரியாக அதை எழுதுவது அவர் வழக்கம். சரக்குக்கு ஆர்டர் போடும்போதும் எழுதுவார், கடைக்கு வெள்ளையடிக்கும் நாளைக் குறிக்கும்போதும் எழுதுவார். நாங்கள் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன வரி. அன்றைக்கு எழுதிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே, மகளிடம் பேசுவதுபோல என்னிடம் சொன்னார்:

“இதை மேல எழுதிட்டு கீழ என்ன வேணும்னாலும் எழுதலாம் மக்களே. நடந்தா அவன் தந்தது. நடக்காட்டா நான் பொய் சொன்னேன்னு ஒருத்தரும் சொல்ல முடியாதுல்லா?”

ஆகஸ்டில் ஏறிய நட்சத்திரம்

ஆகஸ்டில் கடை மொட்டைமாடியில் கிறிஸ்மஸ் ஷூட். வைக்கோல் பரப்பிக் குடில் கட்டி, பெரிய காகித நட்சத்திரத்தை மூங்கிலில் ஏற்றி, இருட்டத் தொடங்கும் நேரத்தில் விளக்கைப் போட்டோம். ஜெபின் கிறிஸ்மஸ் தாத்தா உடுப்பில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். கீழே ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து தலைகள் நீண்டன. கடைக்கு போன் மேல் போன். பண்டிகைத் தேதியை மாற்றிவிட்டார்களா என்றுகூட ஒருவர் கேட்டார்.

அப்போது ஒருவர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காம். லீவு முடிந்து அடுத்த வாரம் திரும்புகிறாராம். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு ஒரு கிறிஸ்மஸுக்குக்கூட ஊரில் இருந்ததில்லையாம். இந்த நட்சத்திரத்துக்குக் கீழே மனைவியையும் பிள்ளைகளையும் கொஞ்ச நேரம் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றதும் பறந்தார். திரும்பி வரும்போது பிள்ளைகள் இரண்டும் போன கிறிஸ்மஸ் உடுப்பில் இருந்தன, இளையவளுக்குச் சட்டைக் கை குட்டையாகிவிட்டது. வழியில் ஒரு பேக்கரியில் கேக்கும் வாங்கியிருந்தார்கள். குடிலுக்கு முன்னால் நின்று, சபையில் கேரல் வரும்போது பாடுகிற பாட்டு ஒன்றை நால்வரும் பாடினார்கள். எங்களுக்கும் கேக் தந்தார்கள். காசு கொடுத்துக் கூட்டி வந்திருந்த மாடல் குடும்பம் ஓரமாக நின்று கைதட்டியது. ஜெபின் எடுத்த படத்தைத்தான் அவர்கள் சம்மதத்தோடு பிறகு பெரிய ஃப்ளெக்ஸாகப் போட்டோம்.

எனக்கு ஐந்தாம் மாதம். பேக்கரி கேக்கைத் தின்றுகொண்டே, டிசம்பர் என்று ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் இடிந்துவிழவில்லை. இவ்வளவு முன்னாலேயே கொண்டாடிவிட்டீர்களே என்று அவரிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“டிசம்பர்ல லீவு கிட்டாது எக்கா. அதுக்காட்டு கிறிஸ்மஸை விட முடியுமா? பிள்ளையளு பக்கத்துல நிக்கிற அன்னைக்குத்தான் நமக்கு கிறிஸ்மஸ்.”

அச்சில் வந்த வரி

சபைப் பாடகர் குழுவினர் எல்லோரும் ஒரே மாதிரிச் சேலை எடுப்பார்கள், குடும்பங்களும் இப்போது ஒரே நிறத்தில் உடுத்த ஆசைப்படுகின்றன. இதற்கெல்லாம் முன்கூட்டியே ஆர்டர் வாங்க அக்டோபரிலேயே நோட்டீஸ் அடித்து, ஞாயிறு காலை பேப்பருக்குள் வைத்து மாவட்டத்தின் மேற்குப் பக்கம் முழுக்க அனுப்பிவிடுவோம். போன வருடமும் அனுப்பினோம். சபை விட்டு வந்து நோட்டீஸை நிதானமாகக் கையில் எடுத்தபோதுதான் அதைக் கண்டேன். மேலே பொன் எழுத்தில் பளபளவென்று, ‘இன்ஷா அல்லாஹ்! இந்தக் கிறிஸ்மஸ் உங்கள் இல்லத்தில் கொண்டாட்டம்!’

நடந்தது இவ்வளவுதான். திட்டத்தை முதலாளி எழுதியபடியே டைப் செய்து ஜெபினுக்கு அனுப்பினேன். அவன் முதல் வரியையும் தலைப்பு என்று நினைத்து வடிவமைத்துவிட்டான். புரூஃப் பார்த்தது நான். முதலாளியும் பார்த்தார். அந்த வரி எங்கள் கண்ணுக்கு அவ்வளவு பழக்கம், இருந்தால் தெரியாது, இல்லாமலிருந்தால்தான் தெரிந்திருக்கும். முதலாளி அன்று முழுக்க சாப்பிடவில்லை. கிண்டல் செய்வதாக யாராவது நினைத்துவிட்டால் இத்தனை காலம் சம்பாதித்த பேர் போயிற்றே என்று புலம்பினார். எனக்கு வேறொரு பயம். டாக்டர் டென்ஷனே கூடாது என்று சொல்லியிருந்தார், டென்ஷன் ஆகக் கூடாதே என்று டென்ஷனாகிக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை முதல் போன் வந்தது. இனயம் கடற்கரையிலிருந்து ஒரு பெண். கணவர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார் என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

“எதுக்கு மன்னிப்பு? கடலுக்குப் போன ஆளு கரை ஏறினாத்தான் எங்களுக்குப் பண்டிகை. நாங்களும் ஆண்டவருக்கு சித்தமானான்னுதான் சொல்லுவோம், நீங்களும் அதைத்தானே போட்டிருக்கிய? அவரு வந்த உடனே வாறோம், குடும்பத்துக்கு சிவப்புல எடுத்து வையுங்க.”

திட்டத்தில் இல்லாத நவம்பர்

டிசம்பர் முதல் வாரத்திலிருந்து எனக்கு லீவு. நான் இல்லாதபோது எந்த விளம்பரம் எப்போது போக வேண்டும் என்று ஜெபினுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளை அந்தத் திட்டத்தையெல்லாம் மதிக்கவில்லை. நவம்பர் முதல் வாரம், அடைமழையில், காலையில் வலி வந்தது. மதியத்துக்குள் பெண் பிள்ளை. ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தப் ‘பார்க்கலாம்’ என்னை என்ன பாடுபடுத்தியது என்று சொல்லத் தெரியவில்லை.

நர்ஸ் வெளியே வந்து பிள்ளைக்குத் துணி கேட்டார். மாமி சாமைப் பார்த்தார், சாம் மாமியைப் பார்த்தார். வீட்டுச் சட்டப்படி எங்களிடம் ஒரு முழத் துணிகூட இல்லை. மூன்று மாடி நிறையத் துணி இருக்கிற கடையில் வேலை பார்ப்பவளின் பிள்ளைக்குப் போர்த்தத் துணி இல்லை. மாமி சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டார். தான் போட்ட சட்டத்தால்தான் பிள்ளை குளிரில் கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுதாராம். சாம் ஜெபினுக்குப் போன் போட்டார்.

ஜெபின் மைமூன் அக்காவோடு மழையில் ஆட்டோவில் வந்து சேர்ந்தான். கடையிலிருந்து புதுத் துணி அள்ளிக்கொண்டு வருவார்கள் என்று சாம் எதிர்பார்த்திருந்தார். மைமூன் அக்கா கொண்டுவந்தது ஒரு பழைய நூல் சேலை. வழியில் தன் வீட்டில் இறங்கி, துவைத்துத் துவைத்து நூலாகிப்போன சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்து, இஸ்திரி போட்டு, சூடு ஆறும் முன் மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதை மாமியின் மடியில் வைத்துச் சொன்னார்:

“புதுசு பிள்ளைக்கு குத்தும் எக்கா. இது எனக்க பிள்ளையளு நாலும் பொறந்து கெடந்த சாரியாக்கும். நாலும் இன்னைக்கு நல்லா இருக்கு. இவளும் இருப்பா, நீங்க எழும்புங்க.”

தள்ளுபடி

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிள்ளை வீட்டுக்கு வந்தாள். எங்கள் கடை விளம்பரங்கள் அந்த மாதம் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்தடவையாக டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி எனக்கு டிசம்பர் இருபத்தைந்தாம் தேதியாகவே இருந்தது. பிள்ளை தூங்கினாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேறு வேலை எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

மாமி மட்டும் மாறவில்லை. பிள்ளை கண் விழித்துப் பார்த்தாலும், பால் குடித்தாலும், வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். நாளைக்கு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. மைமூன் அக்காவின் சேலைத் துண்டுகளைத் துவைப்பார், காயப்போடுவார், மடிப்பார். ஜனவரி இரண்டாவது வாரம் டாக்டரிடம் காட்டப் போனோம். எடை பார்த்தார், நெஞ்சில் வைத்துப் பார்த்தார், இனி நான் பார்க்க ஒன்றுமில்லை, தடுப்பூசிக்கு வந்தால் போதும் என்றார். மாமி இரண்டு தடவை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, சபையில் ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். மதியம்வரை காணவில்லை. என்ன ஆனாரோ என்று எனக்கு வெப்ராளம் பிடித்துவிட்டது. அப்போது ஜெபினிடமிருந்து வீடியோ கால். கடையில் நான் மே மாதத்திலேயே திட்டம் போட்டு வைத்திருந்த தள்ளுபடி விற்பனை, ஒரே இரைச்சல். குழந்தைகள் பிரிவில், கையில் ஒரு கூடையும் கழுத்தைச் சுற்றி ஃபிராக்குகளுமாக நிற்கிறார் மாமி. பக்கத்தில் மைமூன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். மாமி போனைப் பிடுங்கி, ஒவ்வொரு உடுப்பாகக் கேமராவுக்கு நேரே காட்டினார். அவர் முகம் பாதிதான் தெரிந்தது. தெரிந்த பாதியில் கண் நனைந்திருந்தது.

“ஏட்டி, இது அடுத்த கிறிஸ்மஸுக்கு. இது அதுக்கு அடுத்த கிறிஸ்மஸுக்கு. இந்த நீலம் பள்ளிக்கூடத்துல சேக்குற அன்னைக்கு. பத்து வயசுக்கு உள்ள பாவாடையை இப்பளே எடுத்து வச்சா நெறம் மங்கீருமான்னு இந்தப் பயல்ட்ட கேக்கேன், நின்னு முழிக்கான். நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லு!”

நாலு மாதம் முன்னால் யோசிக்கிறதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பத்து வருடம் முன்னால் யோசிக்கிற ஆள் இப்போது என் வீட்டில் சம்பளமே வாங்காமல் பிள்ளைக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது முதலாளிக்குத் தெரிந்துவிட்டால் என் வேலை போய்விடும்.